எவர்சில்வர் டப்பா

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்ட நேரம். ஒடுகத்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்ததும் பசை வாடை அடித்தது. சின்னவள் மடியில் புது எவர்சில்வர் டப்பா.

"ஹார்மோன் சரியில்லையாம்க்கா. பிளாஸ்டிக் டப்பாவே வாணாம்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. பவுடர், சென்ட்டு, நெயில் பாலிஷ் எல்லாத்தையும் உட்டுட்டேன். காலைல வெந்தயத் தண்ணி வேற."

"நாள் பூரா ஷூ ஒட்றமே, அந்தப் பசை? அத சொன்னியா?"

"அவங்க கேக்கல. எனக்கு இப்ப வாடையே தெரியறதில்லக்கா."

பெரியவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம வூட்ல இருந்தா தல வலிக்குதா?"

"ஆமாக்கா! உனக்கு எப்டித் தெரியும்?"

"எனக்குப் பன்னெண்டு வருஷமா வலிக்குது. திங்கக்கெழம கம்பெனிக்குள்ள நுழைஞ்சு பசை டப்பாவத் தெறந்ததும் சரியாய்டும்."