முப்பத்தொன்றாம் இடத்துப் பெயர்ப்பலகை

விஸ்கான்சின் மாநிலம், கெல்சி கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், டெபுடி ஹாகன் முன்னிலையில், ஜூலை மாதம் புதன்கிழமை மாலை சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் கார்லா டோலஃப்சன். வயது ஐம்பத்தேழு. கணவர் ராய்ஸ் டோலஃப்சன், காலமானவர். இதே கவுண்டி, ஹார்லன் ஊர், மில் தெருவில் சொந்த வீட்டில் தனியாக வசித்து, பள்ளிப் பேருந்து ஓட்டி வருகிறேன். புகார் கொடுத்துள்ள ஜோலீன் என் கணவரின் தங்கை, எனக்கு நாத்தனார். டிரெய்லரோடு கடத்தப்பட்டதாகப் புகாரில் கண்ட ஆர்வில் டோலஃப்சன், வயது எண்பத்துநான்கு, என் கணவரின் தந்தை. அவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டதற்கு மருமகள் என்று சொன்னேன், அப்படியே எழுதப்பட்டது. வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள். காபி போதும் என்றேன்.

மேற்படி டிரெய்லர், பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போவது, உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ளது. நானும் ராய்ஸும் பழையதாக வாங்கியது, பதிவு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஆகவே திருட்டு என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன். என் பொருளை நான் எடுத்துப்போனேன். உள்ளே இருந்தவர்தான் என் பொருள் இல்லை.

ஒவ்வொரு ஜூலையும் ராய்ஸின் குடும்பம் ஆல்டர்மன் ஏரி மாநிலப் பூங்காவில் ஒரு வாரம் முகாம் போடும். தண்ணீரை ஒட்டிய இடங்கள் பதினோரு மாதம் முன்பே பதிவுக்குத் திறந்து, காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் ஆகஸ்டில் விடிந்ததும் உட்கார்ந்து, முன்பு தொலைபேசியிலும் இப்போது கணினியிலும், முப்பத்தொன்று, முப்பத்திரண்டு ஆகிய இரண்டு இடங்களையும் பிடிப்பது என் வேலை. சென்ற ஆகஸ்டிலும் பிடித்தேன். அதன் பிறகு நவம்பரில், மான் வேட்டை தொடங்கிய மறுநாள், ராய்ஸ் காட்டில் மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

பிப்ரவரியில் கால்பந்து இறுதியாட்டம் நடக்கும் ஞாயிறன்று எல்லோரும் ஜோலீன் வீட்டில் கூடி முகாமுக்குத் திட்டம் போடுவது வழக்கம். எந்த இரவு எந்த வீட்டுச் சமையல், யார் படகு, யார் தார்ப்பாய் என்று ஆட்டத்தைவிடச் சத்தமாகப் பேசித் தீர்ப்பார்கள். முதல் இரவு எப்போதும் எங்களுடையது, பீரிலும் வெங்காயத்திலும் வேகவைத்துக் கரியில் சுட்ட சாசேஜ். இந்த ஆண்டு என்னைக் கூப்பிடவில்லை. துக்கம் நடந்த வருடம், முகாமே இருக்காது போலும் என்று நானாக நினைத்துக்கொண்டு, ஆட்டத்தை வீட்டில் தனியாகப் பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை.

அதன் பிறகு பனி உருகியதும் ஜோலீன் ஒரு கேக்கோடு வந்தாள். கடையில் வாங்கியதைத் தன் வீட்டுத் தட்டுக்கு மாற்றியிருந்தாள். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பது அவளுக்குப் பிறவிப் பாடம். அரை மணி நேரம் என் உடம்பை விசாரித்துவிட்டு, முகாமுக்கு எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றும், டிரெய்லர் வேண்டும் என்றும் சொன்னாள்.

"வண்டி சும்மாதானே நிக்குது கார்லா. அப்பாவால இந்த வயசுல கூடாரத்துல படுக்க முடியாது" என்றாள்.

"என்னை ஏன் கூப்பிடல?" என்று கேட்டேன்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான். அங்க எதப் பாத்தாலும் அண்ணன் ஞாபகம்தானே வரும் உனக்கு."

இங்கே மட்டும் வராதா என்று கேட்டதற்கு அவள் கேக்கை வெட்டினாள். முதல் இரவுச் சமையல் யாருடையது என்று கேட்டதற்கு, தன் கணவன் டக்கின் அண்ணன் குடும்பம் எங்கள் இடத்தில் வருவதாகவும், அவர்கள் டாக்கோ செய்வதாகவும் சொன்னாள். "உங்க இடத்துல" என்று அவள் சொன்னது எனக்கு வலித்தது. ஆனாலும் மாமனார் தரையில் படுப்பாரே என்று சரி என்றேன். பூங்காவைக் கூப்பிட்டு, என் பதிவில் டக்கின் பெயரையும் நானே சேர்த்தேன்.

மேற்படி மாமனார் ஞாயிறுதோறும் என் வீட்டில்தான் மதியம் சாப்பிடுவார். மருத்துவரிடம் கூட்டிப்போவதும், காது மிஷினுக்கு பேட்டரி மாற்றுவதும் நான்தான். உருளைக்கிழங்குக்கூட்டை ஜோலீன் வைத்தால் தொடமாட்டார், நான் வைத்தால் இரண்டாம் முறை கேட்பார். மே, ஜூன் இரண்டு மாதமும் வந்தார், சாப்பிட்டார், முகாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஜோலீன் அவர் வாயைக் கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். நீயும் வா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றவர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாலும் போய் இறங்கிவிடுவேன் என்று காத்திருந்தேன். அவரோ, நான் சுட்டு வைத்த ருபார்ப் பலகாரம் நன்றாக இருக்கிறது என்றார்.

அதன் பிறகு நான் டிரெய்லரின் சக்கரங்களுக்கு மசகு போட்டு, டயர், விளக்கு எல்லாம் பார்த்து, ஜோலீன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே நீயே பெருக்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். ராய்ஸ் போன பிறகு நான் அதனுள் கால் வைக்கவில்லை. கதவருகே ஆணியில் அவர் தொப்பி தொங்கும் என்று தெரியும்.

இன்று காலை ஜோலீன் முகாமிலிருந்து கூப்பிட்டு, டிரெய்லரில் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி பற்றவில்லை, பால் கெட்டுப்போகிறது என்றாள். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று சொன்னேன். புரியவில்லை. நேரில் வருகிறேன் என்றதற்கு, "ஐயோ வேணாம் கார்லா, நீ எதுக்கு அலையணும், சும்மா போன்லயே சொல்லு" என்றாள். ராய்ஸின் கருவிப்பெட்டியிலிருந்து பற்றவைக்கும் உதிரியை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் கிளம்பினேன். அழைக்காமல் போனதற்கு அதுதான் காரணமா என்று கேட்கப்பட்டது. அது ஒரு சாக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு இடங்களிலும் யாரும் இல்லை. படகு இல்லை, எல்லோரும் ஏரிக்குள் போயிருந்தார்கள். மாமனார் படகைத் தவறவிட்டதே இல்லை, அவரும் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். ராய்ஸின் பச்சை மடக்கு நாற்காலியில் யாருடைய ஈர நீச்சலுடையோ காய்ந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு டிரெய்லரின் முன்பக்கம் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் முகாம் போடும் குடும்பங்கள் மரப்பலகையில் பெயர்களைச் சுட்டு எழுதி மாட்டுவார்கள். எங்கள் பழைய பலகையில் ராய்ஸ், கார்லா என்று இருந்தது. இது டக் புதிதாகச் செய்தது. மேலே டோலஃப்சன் முகாம் என்று இருந்தது. கீழே ஆர்வில், அதற்குக் கீழே ஜோலீன், டக், பிள்ளைகள், டக்கின் அண்ணன், அவன் மனைவி என்று வரிசையாக எல்லோர் பெயரும் இருந்தது. ராய்ஸின் பெயரும் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்ன மீன் வரைந்திருந்தது. நாயின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. மறுபக்கம் திருப்பியும் பார்த்தேன்.

இறந்தவருக்கு இடம் இருந்தது, நாய்க்கு இடம் இருந்தது. இதை நான் அழுதுகொண்டு சொல்லவில்லை என்பதை டெபுடி குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர்களுடைய உணவுப்பெட்டிகளை நிழலில் அடுக்கி, ரக்கூன் திறக்காமலிருக்க மூடிகள்மேல் கல் வைத்தேன். எரிவாயுவை மூடி, கதவை வெளியிலிருந்து பூட்டி, தாங்குகால்களைத் தூக்கி, பிக்கப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாயிலில் இருந்த பெண் கையசைத்தாள், நானும் அசைத்தேன்.

பூட்டும் முன் ஏன் உள்ளே பார்க்கவில்லை என்று கேட்கப்பட்டது. தொப்பி என்று சொன்னேன். ஓடும் டிரெய்லரில் ஆளை வைத்து ஓட்டுவது குற்றம் என்பது பேருந்து ஓட்டும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நெடுஞ்சாலைச் சந்திப்பில் உள்ள பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, பின்விளக்கைப் பார்க்கப் போனபோது ஜன்னல் திரை அசைந்தது. கதவைத் திறந்தேன். மாமனார் சின்ன மேசையருகே, காலணி மாட்டி, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராய்ஸின் தொப்பி அவர் மடியில் இருந்தது. மதியத் தூக்கத்துக்காகப் படகுக்குப் போகாமல் தங்கியிருக்கிறார்.

"அப்பா, ஏன் தட்டல நீங்க?" என்று கேட்டேன்.

"நீதான்னு தெரிஞ்சுது. வண்டிய ஒரே தடவையில மாட்டினியே, வேற யாருக்கு வரும்" என்றார்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பலகையைப் பற்றிச் சொன்னேன். ஜோலீன் செய்ததைப் பார்த்தீர்களா என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அவ மேல பழி போடாதம்மா. அவ கூப்பிடணும்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். நீ வண்டிய விட்டு எறங்குறப்பல்லாம் என் கண்ணு அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போவுது, அவன் எறங்குவான்னு. ஞாயித்துக்கெழம ஒரு வேளை, எப்படியோ தாங்கிக்கிறேன். ஒரு வாரம் என்னால முடியாது."

"பேர எடுத்தது?"

"அது நான் சொல்லல. உன் பேரப் போடணுமான்னு டக் வந்து கேட்டான். பேசாம இருந்துட்டேன்."

ஞாயிறு சாப்பாட்டை அவர் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அதன் பிறகு அவரைக் கைப்பிடித்து இறக்கி, பிக்கப்பின் முன் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, திரும்ப ஏரிக்கே கொண்டுபோய் விடுவதற்காக வண்டியைத் திருப்பினேன். அதற்குள் ஷெரிஃப் அலுவலக வண்டி வந்து மறித்தது.

தாமே விரும்பி என்னோடு வந்ததாக ஆர்வில் டோலஃப்சன் டெபுடியிடம் சொல்லியிருப்பதாக இப்போது அறிகிறேன். அது சரியல்ல. கதவு வெளியில் பூட்டியிருந்தது, அவரால் இறங்க முடியவில்லை, அதனால் வந்தார். பலகைக்காக டக் கேட்டபோது பேசாமல் இருந்தவர் எனக்காக இப்போது பேச வேண்டியதில்லை. அபராதம் எதுவானாலும் கட்டிக்கொள்கிறேன். டிரெய்லரைத் திருப்பித் தர மாட்டேன். குளிர்பெட்டிக்கான உதிரி முப்பத்தொன்றாம் இடத்து மேசைமேல் இருக்கிறது, இனி அது அவர்களுக்குப் பயன்படாது.

மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொன்னதில்லை. ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். முதல் பக்கத்தில் உறவு என்ற இடத்தில் மருமகள் என்று எழுதியிருப்பதை அடித்துவிடச் சொன்னேன். அங்கே வேறு என்ன எழுதுவது என்று டெபுடி கேட்டார். டிரெய்லருக்குச் சொந்தக்காரி என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.

(ஒப்பம்) கார்லா டோலஃப்சன்