பூனை டொக்டர் கேட்ட கேள்வி

லண்டனில் கிங்ஸ்பரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு கூடை. உள்ளே காலில் கட்டுப் போட்ட பூனை.

“பூனைக்கு உதைச்சதுக்காக ஆராவது புருஷனை விட்டிட்டுப் போவினமே?” என்றாள் மூத்தவள். “என்ர தம்பி உன்னில ஒருநாளும் கை வைச்சதில்லை.”

“உதைக்கேக்க அவர் பூனையைப் பார்க்கேல்லை, மச்சாள். என்னைத்தான் பார்த்தவர். என்னில கை வைக்கும்வரைக்கும் இருக்கச் சொல்லுறியளோ?”

“ஞாயிறு மாமா ஆக்கள் வந்து கதைச்சுத் தீர்ப்பினம். அதுவரைக்கும் வீட்டில இரு.”

“வந்து கதைக்கட்டும். நான் அங்க இருக்கமாட்டன்.”

இளையவள் மணியை அழுத்திவிட்டுக் கூடையோடு எழுந்தாள்.

“இதுக்குக் கட்டுப் போட்ட டொக்டர், ‘வீட்டில உங்களுக்குப் பயமில்லையோ?’ எண்டு என்னைக் கேட்டவ. எட்டு வருஷமாய் என்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்ச நீங்கள் ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை.”