அக்கா வீட்டில் இருந்த செவ்வாய்க்கிழமை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ் ஆமத்தூரைத் தாண்டியதும், முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்து அக்காவிடம் சொன்னாள்:

"நல்லவேளைக்கா, செவ்வாக்கிழமை உங்க வீட்டுல இருந்துச்சு."

என் காது தானாகவே முன்சீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள், அக்கா அங்கேயே கூட்டிப் பெருக்குகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"பாஸ்வேர்டப் போயி தெனசரி காலண்டர் தாள்லயா எழுதுவ? மறுநாக் காலையில நான் கிழிச்சிருவேன்ல."

"காலண்டர் கம்பெனியில வேற என்னக்கா கைக்கு வரும்? ஆர்டர் கொடுத்த கடைப் பேரெல்லாம் அந்த எக்செல் ஃபைல்லதான் இருக்கு. கம்ப்யூட்டர் கடைக்காரரே கைய விரிச்சிட்டாரு. தொறக்கலேன்னா என் வேலை போயிருக்கும்."

"பின்பக்கம் வெள்ளையா இருக்கேன்னு மளிகைச் சாமான் எழுத எடுத்துட்டுப் போனேன். அம்புட்டுத்தான்."

நான் சிரிக்கவில்லை. என் பாஸ்வேர்டெல்லாம் என் மனைவியின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன.

"இப்ப மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்க்கா. உங்க பேர வச்சிருக்கேன். இனி மறக்கவே மாட்டேன்."

அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"அங்கன எல்லாருக்கும் நான் அக்காதான். எம் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"சாமான் சீட்டுக்கு மேல நீங்களே எழுதியிருந்தீகளே."

"அப்ப, தெனமும் எம் பேர அடிச்சாத்தான் கம்பெனியில வேலையே ஓடும்னு சொல்லு," என்று அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.