அமுதம் கையிலிருந்து ஸ்டியரிங்கை எடுக்காதீர்கள்

ஆம். அந்தப் படகுக்கு இருக்கை போட்டவள் நான்தான். ஒளிந்துகொள்ள வரவில்லை. சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் ஏரிப் படகுக் குழுத் தலைவர், பண்பாளர் பச்சையப்பன் ஐயா அவர்களே! கரும்பு வெட்டிய கையோடு கரையேறி வந்திருக்கும் பெரியோர்களே! நாற்று நட்ட ஈரம் காயாமல் நடுவில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! திருபுவனை கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி நேராக இங்கே வந்த தோழர்களே! எல்லாருக்கும் மேலாக, மேடைக்கு வரமாட்டேன் என்று அந்த மரத்தடியிலேயே நிற்கும் படகோட்டி அமுதம் அக்கா அவர்களே! வணக்கம்.

நான் தனக்கொடி. ஊர் திருவாண்டார்கோயில். திருபுவனையில் ஃபைபர் படகு செய்யும் கம்பெனியில் இருக்கைகளுக்குப் படம் வரைவது என் வேலை.

போன ஞாயிறு நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் மகளிர் குழுவின் உல்லாச மோட்டார் படகு. முதல் ஓட்டம். பன்னிரண்டு பெண்கள். பின்னால் ஸ்டியரிங்கில் அமுதம் அக்கா. காற்று இல்லை. அலை இல்லை. அம்மன் கோயில் கோபுரம் தெரிந்த இடத்தில் படகு சாய்ந்தது. இரண்டு குடம் தண்ணீர் உள்ளே வந்தது. அக்கா எஞ்சினை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தூக்குவாளி மட்டும் ஏரிக்குள் போனது.

இதோ, முன்வரிசையில் குரல் வருகிறது. "அது எந்துடி! புளிச்சோறு இருந்துது!" ஆம், வள்ளியம்மாள் பெரியம்மா, உங்களுடையதுதான். மீன்கள் உங்களை வாழ்த்தும்.

கரைக்கு வந்ததும் நாம் என்ன சொன்னோம்? "பொம்பள கையில ஸ்டியரிங்கக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்" என்றோம். இன்று அது தீர்மானமாக வந்து நிற்கிறது. அமுதம் அக்காவை இறக்கிவிட்டு வெளியூர் ஆள் ஒருவரை ஏற்றுவதாம். சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள்.

தூக்குங்கள். கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.

சாய்த்தது எது? காற்றா? கரையா? ஸ்டியரிங் பிடித்த கையா? இல்லை. இல்லவே இல்லை. சாய்த்தது என் பென்சில்.

வெளிநாட்டு உல்லாசப் படகு ஒன்றின் படத்தைப் பார்த்து வரைந்தேன். இரு ஓரங்களிலும் நீள இருக்கை. இந்தாண்ட ஆறு பேர், அந்தாண்ட ஆறு பேர். எதிரெதிர் முகம். அழகாக இருந்தது. அந்தப் படத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கப் படகேறியவர்கள். கையில் கண்ணாடிக் குவளை. அவர்களுக்குப் போதும்.

நமக்கு?

கரையிலிருந்து போனில் எடுத்த காட்சியை இருபது முறை ஓட்டிப் பார்த்தேன். கோபுரம் தெரிகிறது. அம்மனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் பதறி எழுகிறார்கள். திரும்புகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எதிர்ப்பக்கத்து ஆறு பேருக்கு அவர்கள் தலைதான் தெரிகிறது, கோபுரம் தெரியவில்லை. அவர்களும் எழுந்து இந்தப் பக்கம் வருகிறார்கள். பன்னிரண்டு பேர். ஒரே ஓரம். சாயாமல் என்ன செய்யும்?

பேருந்தில் போகும்போதே கோயிலைக் கண்டால் எழுகிறவர்கள் நாம். என் அம்மா எழுகிறாள். நான் எழுகிறேன். அது தெரிந்தவள், இங்கேயே பிறந்தவள், வரையும்போது மறந்தேன். அமுதம் அக்காவுக்கு அந்த நேரம் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு முதுகுகள். ஏரியே தெரியவில்லை.

ஆனால் அந்தக் காட்சியில் ஒரு குரல் கேட்கிறது. எல்லாரும் கத்துகிறார்கள். ஒருவர் மட்டும் கத்தவில்லை, கட்டளையிடுகிறார். "நடுவுல வந்து தரையில குந்துங்க! மூஞ்சிய முன்னால வைங்க!" குந்தினார்கள். படகு நிமிர்ந்தது.

தாய்மார்களே! நான் மூன்று மாதம் வரைந்தது தவறு. அமுதம் அக்கா மூன்று நொடியில் வரைந்தது சரி. நடுவில். தாழ்வாக. முன்னோக்கி. அதைத்தான் இப்போது வரைந்து வந்திருக்கிறேன். நடுவழியை ஒட்டி இருபக்கமும் இரண்டிரண்டு இருக்கை. மூன்று வரிசை. எல்லா முகமும் முன்னால். ஓட்டுநர் இருக்கை மட்டும் ஒரு சாண் கூடுதல் உயரம், உட்கார்ந்திருக்கும் தலைகளைத் தாண்டி ஏரியைப் பார்க்க. கோபுரம் தெரிந்ததும் அக்கா படகின் மூக்கைக் கோயிலுக்கு நேராகத் திருப்பி எஞ்சினை நிறுத்துவார். யாரும் முதுகு காட்ட வேண்டாம். யாரும் ஓரத்துக்கு ஓட வேண்டாம்.

என்ன பெரியம்மா? "ஏந்து நிக்காம எப்பிடிடி கும்புடறது?"

நல்ல கேள்வி. கோயிலுக்குப் போனால் கும்பிட்டு முடித்து, அம்மன் எதிரிலேயே சற்று உட்கார்ந்துதானே வருகிறீர்கள்? அதை முதலில் செய்துவிடுங்கள். அப்படியும் மனம் கேட்காமல் எழுந்தால், இருந்த இடத்திலேயே எழுங்கள். பாதி எடை இந்தாண்ட, பாதி எடை அந்தாண்ட. சாயாது. எழுத்தில் எழுதித் தருகிறேன்.

"என் தூக்கு?" அதை எழுத்தில் தர முடியாது பெரியம்மா.

தலைவர் அவர்களே, தவறு செய்த கை இது. வரைந்த கை. இதைத் தண்டியுங்கள். பன்னிரண்டு பேரைக் கரைசேர்த்த கையையா தண்டிப்பது? காப்பாற்றிய கையையா காலி செய்வது? கத்தாத ஒருவரை இறக்கிவிட்டு, கத்திய நாம் எந்த நம்பிக்கையில் மறுபடி ஏறுவோம்?

நான் ஏறுவேன். அமுதம் அக்கா ஓட்டினால், முதல் வரிசையில், முதல் ஆளாக.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொறுக்காமல் கேட்ட பெரியம்மாவுக்கும் நன்றி. கைகளை எண்ணுங்கள் ஐயா. எல்லாருக்கும் என் வணக்கம்.

அமுதத்தை இறக்கச் சொன்ன தீர்மானத்துக்குத் தூக்கிய கைகள் நான்கே. எண்ணி முடிப்பதற்குள் தனக்கொடி கரைக்குப் போய், ஓரத்து இருக்கையின் முதல் போல்ட்டைக் கழற்றியிருந்தாள்.