மூணாவது பொணம்

குழந்தைகளே, இன்று காலை அவிநாசியிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பனியன் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண்.

“ஏனுங்ணா, அந்தப் பழைய ஜாம்பிப் படத்துல எந்திரிச்சு நடக்கற மூணாவது பொணம் நீங்கதானுங்களா?”

“ஆமா அம்மிணி. ஹீரோவையே எல்லாரும் மறந்துட்டாங்க, என்னைய எப்படிக் கண்டுபுடிச்ச?”

“நீங்க ஏறுனப்பவே தெரிஞ்சுதுங்ணா. இடது காலை இழுத்து இழுத்து அதே நடை! எங்க தையல் லைன் மொத்தமும் உங்க ஃபேனுங்க. டீ டைம்ல அப்படித்தான் நடந்து காட்டுவோம்.” செல்போனை நீட்டினாள். “ஒருக்கா ரெண்டு கையையும் தூக்குங்ணா, வீடியோ எடுத்துக்கறேன்.”

வலது கை மட்டும் எழுந்தது.

“இன்னொண்ணு வரமாட்டேங்குது அம்மிணி.” அவருக்கு நாக்குக் குழறியது.

“ஐயோ, குரலும் அதேதானுங்க!” என்று சிரித்தாள்.

“அன்னிக்கு நடிச்சேன். இன்னிக்கு எந்திரிச்சதுல இருந்து இந்தக் கால் நெசமாவே எழும்பல. பயமா இருக்குது.”

அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“கண்டக்டரண்ணா, பெரியாஸ்பத்திரி வாசல்லயே நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

இறங்கும்போது அவருடைய இடது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“என்மேல சாஞ்சுக்குங்ணா. இனி அந்த நடை வேண்டாமுங்க.”