வீரபாகு படத்தில் ஒரு கூடுதல் கை

— ஆணியைப் பிடுங்கி அந்தப் படத்தை இறக்கும்போது சங்க ஆபீசுல யார் யாருவே இருந்தது? ஒரு பேரும் விடாமச் சொல்லும்.

— ஹார்பர் சங்கத்து செக்ரட்டரி கோதண்டம், அதாவது நானு. பெஞ்சு மேல ஏறுன அப்துல் வஹாப். பெஞ்ச புடிச்சிக்கினு இருந்த மாரியப்பன். பேசின் பிரிட்ஜ் ராசையா, அவரு சும்மா டீ குடிக்க வந்தவரு. நாலே பேரு மொதலாளி.

— இங்கே அரிசி மண்டி ராமசுப்பு, நான். உள்ளே என் சம்சாரம் சீனியம்மா. ஆக ஆறு பேர். ஏழாவது காதுக்குப் போகக்கூடாது. குடும்ப மானம்.

— மாரியப்பன் ஒருத்தனே அறுநூறு காதுக்கு சமானம் நைனா.

— நைனாங்காதேயும். சீனி! கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். காப்பியும் கொண்டாந்துட்டேன். நானும் இப்படி உட்கார்ந்து குடிக்கேன்.

— பாத்தீரா கோதண்டம்? எங்க அய்யா இருந்தவரைக்கும் அடுப்படி தாண்டாதவ. இப்போ ஹாலுல நாற்காலி. சரி, கதைக்கு வாரும். ஸ்டாலின் செத்ததுலேர்ந்து மூணு வருஷமா அந்தப் படத்துக்கு முன்னால தொண்டை கிழியக் கத்தினீங்களே, திடீர்னு எதுக்கு இறக்கினீங்க?

— அத்த இன்னான்னு சொல்றது மொதலாளி! அவரு பூட்டாருன்னு கேட்டு நான் மூணு நாளு சோறு துன்னல. இப்ப ரஷ்யாவுல அவங்க ஆளுங்களே கூடி, அவரு பண்ணது அம்மாம் அநியாயம், கூட இருந்தவங்களையே தீத்துட்டாருன்னு சொல்லிட்டாங்களாம். பேப்பர்ல வந்துச்சி. கமிட்டி போட்டோம், சட்டையப் புடிச்சிக்கினோம், அப்பால இறக்கிட்டோம். இறக்கித் திருப்பிப் பாத்தா, பின்னால பென்சிலு எழுத்து: "வீரபாகு, அரிசி மண்டி, தண்டையார்பேட்டை."

— எங்க அய்யா பேருவே!

— பேரு மட்டுமில்ல, ஆளே அவருதான். இந்தா, படத்து மேல சுத்துன கோணியப் பிரிச்சிட்டேன். நீயே பாரு.

— மூடின கோட்டு... மீசை...

— இத்த சொல்லு மொதலாளி, தோளு மேல ஒரு கை கீது, கைக்குச் சொந்தக்காரனக் காணோம். நாங்க அத்த தொழிலாளி வர்க்கத்தோட கைன்னு நெனச்சிக்கினோம். மே தினத்துக்கு அந்தக் கைக்குன்னே தனியா ஒரு முழம் பூ.

— அது சித்தப்பா கை. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம். கோபம் வந்த அன்னைக்கு அய்யா கத்தரிக்கோலை எடுத்துச் சித்தப்பாவை வெட்டிட்டாங்க. கை மட்டும் வெட்டுக்கு வரலை.

— அடப்பாவி! அப்ப ரஷ்யாவுக்கு எதுக்குப் போவணும்? இங்கயே கீது.

— மரியாதை! வாசல் பெருக்க வந்தவர் அய்யா. அஞ்சே வருஷத்துல மண்டி அவர் கையில. பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ஊருக்கு ரயில் ஏறிட்டாங்க.

— ஸ்டாலினும் அதே மாரிதான். செருப்பு தைக்கிறவரு புள்ள. சும்மா செக்ரட்டரின்னு வந்து குந்துனாரு. அப்பால மத்தவங்க ஒவ்வொருத்தரா காணாம பூட்டாங்க.

— எங்க வீட்டுல ஒருத்தரும் காணாமப் போகலை. எல்லாரும் சாத்தான்குளத்துல சௌக்கியமா இருக்காங்க. வார்த்தையை அளந்து பேசும். ம்... அது கிடக்கட்டும். அங்கே அய்யாவை மரியாதையா வெச்சிருந்தீங்களா?

— மரியாதையா? அந்தக் கண்ணுக்கு முன்னால ஒருத்தன் பீடி பத்தவெக்க மாட்டான். லேட்டா வந்தவன் தானே வெளிய போய் நின்னுக்குவான். அஞ்சலி ஊர்வலத்துக்கு நானூறு பேரு. ஆள் ஒசரம் மாலை.

— நானூறா? அய்யா செத்த அன்னைக்கு அறுபது பேர்தான் வந்தாங்க. அதுலயும் பாதிப் பேர் மெய்யாவே செத்துட்டாரான்னு பார்க்க வந்தவங்க. ஞாயித்துக்கிழமை லீவு கேட்ட மூட்டைக்காரங்க மேல மரக்காலைத் தூக்கி எறிஞ்ச மனுஷர்! அவருக்கு நானூறு தொழிலாளி வாழ்க போட்டானா... மாலை என்ன பூவுவே?

— செவ்வரளி.

— அவருக்குப் பிடிக்கும். சரி, அப்போ எங்க வீட்டுச் சுவத்துல...

— ஆமா மொதலாளி. சந்தனம் வெச்சி ஊதுவத்தி கொளுத்தி வெச்சிக்கீறியே, அவருதான் ஸ்டாலினு. நெஞ்சுல நட்சத்திரம் தொங்குது பாரு.

— அது மண்டிக்காரங்க கொடுத்த பதக்கம்னுல்ல நினைச்சேன்!

— பெத்த அப்பன் மூஞ்சி தெரியாதா உனுக்கு?

— யாருவே நிமிர்ந்து பார்த்தது? பெரியவங்க பேசினா தரையைப் பார்த்து நிக்கணும், அது எங்க வீட்டு முறை. நாற்பத்தெட்டு வருஷம் அவர் காலைத்தான் பார்த்திருக்கேன். ஆயிரம் காலைக் காட்டும், பெருவிரலைப் பார்த்து அய்யா எதுன்னு சொல்லுதேன். முகத்துக்கு மீசை ஒண்ணுதான் அடையாளம்.

— எங்களுக்கும் மீசதான் நைனா. பேப்பர்ல வந்த படத்துல வேற ஒண்ணும் தெரியல.

— ஐயோ, மூத்தவ சொக்கம்மா கல்யாணத்துல சம்பந்தி வீடு மொத்தமும் இவர் முன்னால விழுந்து கும்பிட்டுச்சே!

— கும்பிட்டா இன்னா? பொண்ணு நல்லாத்தான கீது?

— ரெட்டை ஆம்பிளைப் பிள்ளை.

— அப்புறம் இன்னா பேஜாரு?

— பேஜாரு நாலு மணிக்கு வருது! சின்னவளைப் பார்க்கத் தூத்துக்குடிக் குமாரவேல் அண்ணாச்சி வாராங்க. அய்யாவுக்குச் சமமா எதிர்ல உட்கார்ந்து பேசின ஒரே ஆள். அவருக்கு முகம் தெரியும். உள்ளே நுழைஞ்சதும் படத்தைப் பார்த்து, "ராமசுப்பு, இது யாருப்பா"ன்னு கேட்டா? அப்பன் யாருன்னு தெரியாதவன் வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்? சீனி! இவரை இறக்கு. அய்யாவை ஏத்து.

— ஏங்க, இவர் சுவத்துல ஒரு தொல்லையும் இல்லாம இருந்தாரு. அவரு வந்தா நான் எந்திரிச்சு நிக்கணும், காப்பி ஆறிப்போயிரும்.

— என்ன பேச்சுடி இது? ஏத்து! கோதண்டம், உம்ம ஆளை நீர் எடுத்துட்டுப் போம்.

— எங்களுக்கும் வாணாம் மொதலாளி. கமிட்டி தீர்மானம் போட்ருச்சி.

— நான் விழுந்து கும்பிட்ட படத்தைக் குப்பையில போட்டா என் முதுகெலும்புக்குத்தான் கேவலம். சீனி, மண்டியில மூட்டைக்குப் பின்னால வையி.

— எலி கடிக்கும்.

— கடிக்கட்டும். இல்லை, வேண்டாம். பேரப் பிள்ளைங்களை முன்னால நிறுத்தி விபூதி பூசின முகம். பரண்ல ஏத்து. துணி சுத்தி ஏத்து.

— மொதலாளி, ஒரு விசயம் சொல்லணும். கோச்சிக்காத. நான் வரச்சொல்ல மாரியப்பன் டீக்கடைல குந்திக்கினு, படத்துக்குக் கண்ணாடி போடுற தாவூது பாய் ஒரே வாரத்துல வந்த ரெண்டு படத்தையும் மாத்திக் குடுத்துட்டாருன்னு சொல்லிக்கினு இருந்தான்.

— சொல்லட்டும்வே! நல்லாச் சொல்லட்டும்! தப்பு வெளியில நடந்தது, வீட்டுக்குள்ளே இல்லை. அண்ணாச்சி கேட்டாலும் அதையே சொல்லுவேன். நாளைக்கே போய் அந்தத் தாவூதை நாலு பேர் முன்னால நிக்கவெச்சு...

— அவரை ஒண்ணும் கேக்க வேண்டாம். தாவூது பாய் ரெண்டு படத்தையும் ஒண்ணா இங்கே கொண்டாந்து, எது யாருதுன்னு சரியாத்தான் சொல்லிக் கொடுத்தாரு. ஒங்க அய்யாவைச் சங்க ஆபீசுக்கு அனுப்பினது நான்.