முக்தார் டார்ச்சுக்கு ஊற்றிய மழைத்தண்ணீர்

முற்றத்துச் சிறுமேடையில் அமர்ந்திருக்கும் எண்ணெய்க் கூட்டுறவின் தலைவர் பெரியவர் தவ்ஃபீக் அவர்களே! துஆ ஓதி இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த இமாம் அவர்களே! சன்னலுக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருக்கும் நம் முக்தாரின் துணைவியார் சகோதரி ஸகியா அவர்களே! வேலையைப் போட்டது போட்டபடி விட்டு, பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஹேதியின் ஸலாம்.

மேஸ்திரி முக்தார் கம்மூன் அவர்களின் நாற்பதாம் நாள் இன்று. அவரைப் புகழ்ந்து பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாருடைய யோசனை இது? எதிர் வெல்டிங் பட்டறைக்காரனையா கூப்பிடுவது! அவர் பட்டறை வாசலில் வண்டி நின்றால் என் பட்டறையிலிருந்தே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவனையா! இவன் என்னதான் சொல்லப்போகிறான் என்று வேடிக்கை பார்க்கவே உங்களில் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். மறைப்பானேன்? எனக்கு முக்தார் மேல் பொறாமை. அவர் உயிரோடு இருந்தபோதும் பொறாமை. இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது இன்னும் பொறாமை. என் நாற்பதாம் நாளுக்கு இத்தனை நாற்காலி போடுவீர்களா, சொல்லுங்கள்!

கூட்டுறவின் புதிய எண்ணெய்த் தொட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டாள் உயர எவர்சில்வர் தொட்டி. அதன் நடுச்சுற்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்த முக்தார், "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று ஏணியிலிருந்து இறங்கினார். ஜலூல் கடை வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. நாலு முழம் வெல்டிங் பாக்கி நிற்கிறது. ஆலிவ் அறுவடையோ வாசலுக்கே வந்துவிட்டது. "மிச்சத்த நீ முடிச்சுக் குடுப்பா" என்று தலைவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் நழுவிக்கொண்டே இருக்கிறேன். ஏன்? முக்தார் போட்ட வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்தில் என் கோடு நிற்க வேண்டுமே! கண்ணுள்ளவன் எல்லாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பானே! அங்கே தோற்றால், இந்தத் தெருவில் நான் தலைநிமிர்ந்து நடப்பது எப்படி?

அவர் கோடு அப்படிப்பட்டது, தோழர்களே! ஆர்கான் வெல்டிங்கில் கனத்த தகடு வந்தால், கையில் பிடித்துப் பற்றவைக்கும் டார்ச் கொஞ்ச நேரத்தில் கொதித்துவிடும். உறை போட்ட கையும் தாங்காது. நிறுத்தி ஆறவிட்டு மறுபடி தொடங்குவோம். நிறுத்திய இடமெல்லாம் ஒரு முடிச்சு விழும். தண்ணீர் ஓடிக் குளிரும் டார்ச் உண்டுதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குளிரவைக்கும் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற விலைக்கு, பெருநாளைக்கு ஒரு மந்தை ஆடே வாங்கிவிடலாம்!

முக்தார் என்ன செய்தார்? ஜலூல் கடையில் செத்துக் கிடந்த காப்பி இயந்திரத்திலிருந்து பம்பைக் கழற்றினார். ஒரு பழைய பேஜோ வண்டியின் ரேடியேட்டரையும் காத்தாடியையும் எடுத்தார். தண்ணீர் நிற்க ஒரு பாத்திரம் வேண்டுமே? சகோதரி ஸகியா குஸ்குஸ் வேகவைக்கும் பானை காணாமல் போனது! பானையிலிருந்து பம்ப் தள்ள, தண்ணீர் டார்ச்சுக்குள் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் ஆறி, மறுபடி பானைக்கே வரும். முதல் ஓட்டத்தைப் பார்க்கத் தெருவே கூடியது.

"என் மிஷின்லேருந்து தண்ணி வருதேடா!" என்று வாயைப் பிளந்தார் ஜலூல்.

"உன் கடையிலயும் அதுலேருந்து தண்ணிதானே வந்துச்சு!" என்றார் முக்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டார்ச்சின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

விடுவேனா? நானும் ஒன்று கட்டினேன். அவருடையது கார் ரேடியேட்டர் என்றால் என்னுடையது லாரி ரேடியேட்டர்! ஆனால் நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் உங்களுக்குத் தெரியாததா? டீப் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிற அந்த உப்பு, டார்ச்சுக்குள் இருக்கும் இம்மாத்தூண்டு வழியில் படிந்து அடைத்துக்கொண்டது. ஒரு நாள் என் கையிலேயே டார்ச் உருகியது. நாற்றம் பிடித்து முக்தார் வந்து நின்றார்.

"என்ன தண்ணி ஊத்துன?"

"குழாய்த் தண்ணிதான். நீ என்ன, ஜம்ஜமா ஊத்துற?"

"மாஜல் தண்ணி."

கேட்டீர்களா அநியாயத்தை! இதோ, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டு முற்றத்துக்குக் கீழே இருக்கிற மாஜல் தொட்டி! வானம் பார்த்துத் தேக்கிய மழைத்தண்ணீர்! டீக்கும் சமையலுக்கும் தவிர யாரும் தொடாத தண்ணீரை, இந்த மனிதர் இரும்புக்கு ஊற்றியிருக்கிறார்! அடுக்குமாடியில் குடியிருக்கும் நான் மாஜலுக்கு எங்கே போவேன்? வாளியைத் தூக்கிக்கொண்டு எதிரி வீட்டுக் கதவைத் தட்டவா? அதற்கு டார்ச் உருகட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் டார்ச்சைக் குளிரவைக்க ஒரு பானைத் தண்ணீர் போதும். என் வயிற்றெரிச்சலை அணைக்க இந்த மாஜலே போதுமா!

போன வெள்ளிக்கிழமை என் மனைவியோடு துக்கம் கேட்க இங்கே வந்தேன். சகோதரி சாப்பிடச் சொன்னார்கள். பேச்சு முக்தார் கட்டிய அந்தக் குளிரவைக்கும் பெட்டியிடம்தான் போய் நின்றது.

"அது எனக்குச் சக்களத்தி, அண்ணே. என் பானையையும் எடுத்துக்கிச்சு, தண்ணியையும் குடிச்சிச்சு."

"அதும்மேல அவனுக்கு அப்படி என்னம்மா ஆசை?"

"ஆசையாவது! எல்லாம் உங்க மேல இருந்த பொறாமை."

"என் மேலயா!"

"பின்னே? சோத்துல கைய வச்சா உங்க பேச்சுதான். 'அந்த ஹேதி கை கல்லு மாதிரி நிக்குது ஸகியா, சூட்டுக்கு அசைய மாட்டேங்குது. எனக்குக் கை நடுங்குது. தண்ணி விட்டாத்தான் அவன் பக்கத்துல நிக்க முடியும்'னு புலம்புவாரு. ஒரு நாள் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. காத்து வாங்கத்தான் போறோம்னு நல்ல உடுப்பா உடுத்திட்டுப் போனேன். பாத்தா, நீங்க வெல்டு வச்ச படகு! அதையே மொறச்சுப் பாத்துட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரும்பிட்டாரு. ஒரு பொட்டலம் சூரியகாந்தி வெத கூட வாங்கித் தரல!"

தோழர்களே! கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். முக்தார் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்! இத்தனை வருடமாக! எனக்குத் தெரியாமல் போயிற்றே! தெரிந்திருந்தால் எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்! எத்தனை காலை மீசையை முறுக்கிக்கொண்டு பட்டறை திறந்திருப்பேன்! ஒரு நாளாவது முகத்தில் காட்டினாரா? என் பொறாமை இந்தத் தெருப் பூனைக்குக்கூடத் தெரியும். அவர் பொறாமை அவர் வீட்டுச் சோற்றுத் தட்டைத் தாண்டவில்லை. இதிலும் என்னை ஜெயித்துவிட்டான், பாவி! அடக்கத்தன்று கண் கலங்காத நான், அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். என் மனைவி சாட்சி.

தலைவர் அவர்களே! நீங்கள் கேட்டதற்கு இந்தச் சபையில் பதில் சொல்கிறேன். நாளை காலை நான் அந்த ஏணியில் ஏறுகிறேன். மேஸ்திரி விட்ட வேலையை முடித்துத் தருகிறேன். சகோதரி டார்ச்சோடு பெட்டியையும் தந்துவிட்டார்கள், மாஜல் தண்ணீரையும் தந்துவிட்டார்கள். எனக்கு ஒரே நிபந்தனைதான். தொட்டியின் வெளிப்பக்கத்தில் கோடுகள் சேரும் இடத்தை யாரும் தேய்த்து மெருகேற்றக் கூடாது. முக்தாரின் கை எங்கே நின்றது, ஹேதியின் கை எங்கே தொடங்கியது என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொள்ளட்டும்!

முக்தார்! இறைவன் உன் மண்ணறையைக் குளிர்ச்சியாக வைக்கட்டும். நாளைக்கு உன் டார்ச், என் கை. அங்கிருந்து நன்றாகப் பார். பார்த்துவிட்டு, இந்தத் தடவையாவது மறைக்காமல் வயிறெரி!